கோகு மாகோகு, யஃஜூஜ் மஃஜூஜ்: மூன்று மரபுகளையும் அருகருகே வைத்து வாசிக்கும் முறை

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்கும் கோகு மாகோகும், மேலப்பாளையத்தில் ஜும்ஆ பயானில் கேட்கும் யஃஜூஜ் மஃஜூஜும் ஒரே பெயர்கள்தாம், கடைசிக்காலத்தில் வரவேண்டியவர்களாகச் சொல்லப்படும் பகைவர்களையே இரண்டும் குறிக்கின்றன என்பது, அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் போய்வருகிற பலருக்கே தெரியாது. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியின் வழியாகவே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் காணொளிகள் இன்றைய போர்ச் செய்தியில் தொடங்கி அதற்கேற்ற வசனத்தைத் தேடிப் போகின்றன. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் மூன்றிலும் வரும் இந்தப் பெயர்களை வாசிக்க வேண்டிய முறை அதற்கு நேர் எதிரானது. முதலில் மூல வசனங்கள், பிறகு அவற்றின் கால வரிசை, அதன் பிறகே விளக்கங்களும் கதைகளும் என்று போனால்தான் எது வேதத்தில் உள்ளது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது விளங்கும். வேதபாட வகுப்பு எடுப்பவர்கள், மத்ரசாவில் ஓதுபவர்கள், கல்லூரியில் சமய ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுபவர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இந்த முறையை விளக்குகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு தமிழ் பைபிள், குர்ஆனின் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு, ஒரு லாங் சைஸ் நோட்டு ஆகிய மூன்றும் போதும். சி.எஸ்.ஐ. சபையார் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம், வெளிப்படுத்தின விசேஷம் என்று இருப்பவை, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் தொடக்க நூல், திருவெளிப்பாடு என்று இருக்கும். இரண்டிலும் அதிகார எண்கள் ஒன்றே என்பதால் குழப்பம் வராது. நோட்டில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அந்தப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘உள்ளது’ என்றும் வலப்பக்கம் ‘இல்லை’ என்றும் தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில் வலப்பக்கந்தான் முக்கியம். ஒரு நூல் சொல்லாத செய்தியை இன்னொரு நூலிலிருந்து எடுத்து அதன்மேல் ஏற்றிவிடுவதுதான் இந்தப் பொருளில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

தொடங்க வேண்டிய இடம் ஆதியாகமம் 10:2. நோவாவின் மகன் யாப்பேத்தின் பிள்ளைகளாகக் கோமர், மாகோகு, மாதாய், யாவான், தூபால், மேசேக்கு, தீராஸ் ஆகியோரை அது வரிசைப்படுத்துகிறது. மாகோகு இங்கே வெறும் பெயர்தான். பகையும் இல்லை, போரும் இல்லை. அதை அப்படியே ‘இல்லை’ பக்கத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கோமர், தூபால், மேசேக்கு ஆகிய மூன்று பெயர்களையும் அடிக்கோடிட்டு வையுங்கள். அவை மீண்டும் வரும்.

எசேக்கியேல் 38, 39 அதிகாரங்களுக்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் எசேக்கியேல். நாட்டை இழந்த மக்களிடையே இருந்து, அவர்கள் திரும்பிப் போய்க் குடியேறிய பிறகு நிகழப்போவதாக அவர் கண்ட தரிசனம் இது. மாகோகு தேசத்தைச் சேர்ந்தவனும் மேசேக்கு, தூபால் ஆகியோருக்கு அதிபதியுமான கோகு என்பவன் வட எல்லையிலிருந்து பெரும் குதிரைப்படையோடு வருகிறான். பெர்சியரும் எத்தியோப்பியரும் லீபியரும் கோமேரும் தொகர்மா வம்சத்தாரும் அவனோடு சேர்ந்து வருகிறார்கள். அவன் வருவது தானாக அல்ல. வாயில் துறடு மாட்டி இழுப்பதுபோலக் கடவுளே அவனை இழுத்து வருவதாக 38:4 சொல்கிறது. இங்கே கோகு ஓர் ஆள், மாகோகு அவனுடைய நாடு. இரண்டும் இரண்டு இனங்கள் என்ற எண்ணம் இந்த நூலில் இல்லை என்பதை வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்து 38:11ஐ நிறுத்தி வாசியுங்கள். கோகு தாக்க வருவது மதிலும் தாழ்ப்பாளும் கதவும் இல்லாமல் அமைதியாகக் குடியிருக்கும் ஊர்களை. அதாவது எசேக்கியேலில் மதிலைப் பற்றிய பேச்சு வருவது, பாதிக்கப்படப்போகும் மக்களிடம் அது இல்லை என்று சொல்வதற்காக மட்டுமே. கோகைப் பூட்டி வைத்திருக்கும் சுவர் என்று ஒன்று இந்த இரண்டு அதிகாரங்களிலும் இல்லை. ஆதியாகமத்திலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் இல்லை. நம் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் அந்தச் சுவரைப் பைபிள் செய்தியாகவே பேசுவதைக் கேட்டிருப்பவர்கள், இந்த இடத்தில் பைபிளைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

39ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி போரைவிடப் போருக்குப் பிந்தைய வேலைகளையே விரிவாகச் சொல்கிறது. தோற்றுப்போன படையின் கேடகங்களையும் வில்களையும் அம்புகளையும் ஈட்டிகளையும் ஏழு ஆண்டுகள் அடுப்பெரிக்கிறார்கள். அதனால் காட்டுக்கு விறகு வெட்டப் போகவேண்டிய தேவையே அவர்களுக்கு இருப்பதில்லை. பிணங்களைப் புதைக்க ஏழு மாதங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகும் நாடெங்கும் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஆட்களை நியமிக்கிறார்கள். வழிப்போக்கர் எவராவது ஒரு மனித எலும்பைக் கண்டால் அதன் பக்கத்தில் ஓர் அடையாளம் நாட்டிவிட்டுப் போக வேண்டும். புதைக்கிறவர்கள் வந்து அதை எடுத்து ஆமோன்கோகின் பள்ளத்தாக்கில் புதைக்கும்வரை அந்த அடையாளம் அங்கேயே நிற்கும். ஒரு தீர்க்கதரிசனம் எலும்பு பொறுக்கும் நடைமுறையை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதேன் என்று வகுப்பில் கேள்வி வரும். பிணம் கிடக்கும் மண் தீட்டுப்பட்ட மண் என்பது எசேக்கியேல் பிறந்த ஆசாரியக் குலத்தின் பார்வை. ஆகவே தேசம் சுத்தமாவதுதான் அவருக்கு வெற்றியின் முழு அளவு என்று விடை சொல்லலாம். விறகு பற்றிய செய்தியைத் தனியே குறித்து வையுங்கள். அதை வேறோர் இடத்தில் மறுபடியும் பார்ப்போம்.

வெளிப்படுத்தின விசேஷம் 20:7 முதல் 10 வரை நான்கே வசனங்கள். ஆயிரம் ஆண்டுகள் முடிந்த பிறகு சாத்தான் காவலிலிருந்து விடுதலையாகி, பூமியின் நான்கு திசைகளிலும் உள்ள ஜாதிகளாகிய கோகையும் மாகோகையும் மோசம்போக்கிப் போருக்குக் கூட்டுகிறான். அவர்கள் கடற்கரை மணலைப்போலப் பெருகி வந்து பரிசுத்தவான்களின் பாளையத்தையும் பிரியமான நகரத்தையும் வளைந்துகொள்ளும்போது வானத்திலிருந்து நெருப்பு இறங்கி அவர்களை அழிக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட இந்த நூலில், ஆளின் பெயரும் நாட்டின் பெயரும் இரண்டு கூட்டங்களின் பெயர்களாக மாறியிருக்கின்றன. வட எல்லை போய் நான்கு திசைகள் வந்துவிட்டன. கூட்டாளி நாடுகளின் பட்டியலும் இல்லை, அடக்கம் செய்யும் ஏழு மாதங்களும் இல்லை.

யூத மரபைப் பலரும் எசேக்கியேலோடு முடித்துவிடுகிறார்கள், அது போதாது. கூடாரப் பண்டிகை வாரத்தின் நடுவில் வரும் ஓய்வுநாளில் எசேக்கியேல் 38:18 முதல் 39:16 வரையுள்ள பகுதியை ஜெப ஆலயங்களில் இன்றும் வாசிக்கிறார்கள். ஆகவே எலும்புக்கு அடையாளம் நாட்டும் அந்த வசனங்களை ஆண்டுதோறும் கேட்கும் மக்கள் இருக்கிறார்கள். கோகு மாகோகின்மேல் வரும் தீர்ப்பு பன்னிரண்டு மாதம் நீடிக்கும் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் எதுயோத் பகுதி சொல்கிறது. மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் (94அ) ஒரு துணிச்சலான கருத்து இருக்கிறது: எசேக்கியா ராஜாவை மேசியாவாகவும், எருசலேமை முற்றுகையிட்ட அசீரிய அரசன் சனகெரிபைக் கோகு மாகோகாகவும் ஆக்கக் கடவுள் எண்ணியிருந்தார், ஆனால் அது நடக்கவில்லை என்கிறது அது. அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட இனத்தோடு பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டது அல்ல, எந்தப் பகைவனும் ஏற்கக்கூடிய ஒரு வேடம் என்ற பார்வை இதில் தெரிகிறது.

இனி குர்ஆனுக்கு வருவோம். யஃஜூஜ் மஃஜூஜ் இரண்டு சூராக்களில் (அத்தியாயங்களில்) மட்டுமே பெயரோடு வருகிறார்கள்: அல்கஹ்ஃப் 18:94, அல்அன்பியா 21:96. கஹ்ஃபு சூராவை வெள்ளிக்கிழமைகளில் ஓதும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருப்பதால், முஸ்லிம் வாசகர்களுக்கு இதன் ஓசை மனப்பாடமாகவே இருக்கும்; பொருளை 83ஆம் வசனம் முதல் 99 வரை ஒரே மூச்சில் வாசிப்பதுதான் புதிதாகச் செய்ய வேண்டியது. இந்தப் பகுதி எழுந்த சூழலைப் பற்றி நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாற்று மரபு ஒரு செய்தியைச் சொல்கிறது. மக்கத்துக் குறைஷிகள் மதீனாவின் யூத அறிஞர்களிடம் ஆளனுப்பி, நபியைச் சோதிக்கத் தகுந்த கேள்விகள் எவை என்று கேட்டபோது, அவர்கள் சொல்லியனுப்பிய மூன்று கேள்விகளில் ஒன்று கிழக்கும் மேற்கும் சென்ற பயணியைப் பற்றியது என்கிறது அது. யூத மரபும் இஸ்லாமிய மரபும் சந்திக்கும் இடம் இது என்பதால் இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பயணியைக் குர்ஆன் துல்கர்னைன் (‘இரண்டு கொம்புடையவர்’) என்று அழைக்கிறது. அவர் மேற்கே போகிறார், கிழக்கே போகிறார், மூன்றாவதாக இரண்டு மலைகளுக்கு இடைப்பட்ட இடத்தை அடைகிறார். பேச்சைப் புரிந்துகொள்ளவே சிரமப்படும் ஒரு மக்கள் அங்கே இருக்கிறார்கள். யஃஜூஜும் மஃஜூஜும் நாட்டில் குழப்பம் விளைவிக்கிறார்கள், எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு தடுப்பு எழுப்பித் தந்தால் உமக்குக் கப்பம் கட்டுகிறோம் என்கிறார்கள். இறைவன் தமக்குத் தந்திருப்பதே மேலானது என்று சொல்லிப் பணத்தை மறுக்கும் அவர், உடலுழைப்பை மட்டும் கேட்கிறார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு மலைச்சரிவுகளுக்கும் இடையே சமமாகும்வரை அடுக்குகிறார், ஊதச் சொல்கிறார், இரும்பு நெருப்பாகக் கனன்றதும் உருக்கிய செம்பை அதன்மேல் ஊற்றுகிறார். அதன்பின் அவர்களால் அதில் ஏறவும் முடியவில்லை, துளையிடவும் முடியவில்லை. உலைக்களத்தைப் பார்த்திருக்கும் எவருக்கும் இந்த வரிசை புரியும்: அடுக்கு, துருத்தி, கனல், வார்ப்பு.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குப் போயிருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த இடத்தின் அமைப்பை விளக்குவது எளிது. இருபுறமும் மலை காவலாக நிற்க, நடுவிலுள்ள வாயை அடைத்தால் போதும் என்ற கணக்கில்தான் திருவிதாங்கூர் அரசும் அங்கே அரண் எழுப்பியது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது 1809இல் கும்பினிப் படை அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. துல்கர்னைனின் சொல்லும் அந்த வகையில் கவனிக்கத்தக்கது. சுவரை எழுப்பிய அவரே, இது என் இறைவனின் அருள், அவனுடைய வாக்குறுதி வரும்போது அவன் இதைத் தரைமட்டமாக்குவான் என்று 98ஆம் வசனத்தில் சொல்லிவிடுகிறார்.

‘இல்லை’ பக்கத்தில் இங்கே எழுத வேண்டியவை பல. அலெக்சாண்டர் என்ற பெயர் இல்லை. வடக்கு என்ற திசை இல்லை. மலைகளின் பெயர் இல்லை. அவர்கள் குள்ளர்கள், நீண்ட காதுகளை உடையவர்கள் என்பன போன்ற வருணனைகளும் இல்லை. அவை பிற்கால உரைகளிலும் கதைகளிலும் சேர்ந்தவை. துல்கர்னைன் யார் என்பதில் உரையாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. பழைய உரையாசிரியர் பலர் அவரை அலெக்சாண்டராகக் கொண்டார்கள். சிலர் ஏமன் நாட்டு ஹிம்யர் அரசர் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பாரசீக அரசர் கோரேசே அவர் என்று வாதிட்டார். அந்த வாதத்தைப் புரிந்துகொள்ள தானியேல் 8:20ஐ உடன் வைத்து வாசியுங்கள். அங்கே வரும் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதிய, பெர்சிய ராஜாக்களைக் குறிக்கிறது. எனக்கு ஆசாத்தின் வாதம் அலெக்சாண்டர் வாதத்தைவிடக் கவர்ச்சியாகத் தோன்றினாலும், குர்ஆன் பெயர் சொல்லாத இடத்தில் வகுப்பெடுப்பவரும் பெயர் சொல்லாமல் விடுவதே முறை.

நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளான ஹதீஸ்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும். புகாரி, முஸ்லிம், திர்மிதி, இப்னு மாஜா என்று கீழே வருபவை ஹதீஸ் தொகுப்புகளின் பெயர்கள். அவற்றைக் குர்ஆன் பக்கத்தில் கலக்கக் கூடாது. நபிகள் நாயகம் ஒருநாள் கலக்கத்தோடு வந்து, யஃஜூஜ் மஃஜூஜின் தடுப்பில் இவ்வளவு திறந்துவிட்டது என்று கட்டைவிரலையும் அடுத்த விரலையும் வளைத்து வட்டமாகக் காட்டியதாக, அவருடைய துணைவியார் ஜைனப் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. முஸ்லிம் தொகுப்பில் உள்ள நீண்ட அறிவிப்பில், அவர்களுடைய முன்படை தபரிய்யா ஏரியைக் குடித்துத் தீர்க்கிறது. பின்னால் வருபவர்கள் முன்னொரு காலத்தில் இங்கே தண்ணீர் இருந்தது போலும் என்று பேசிக்கொள்கிறார்கள். தூர் மலையில் ஈசா நபியும் (இயேசு) அவருடன் இருப்பவர்களும் முற்றுகையில் தவித்து இறைஞ்ச, கழுத்தில் தோன்றும் புழுக்களால் அந்தப் பெருங்கூட்டம் ஒரே சமயத்தில் மடிகிறது. பறவைகள் பிணங்களைத் தூக்கிச் செல்கின்றன. மழை பெய்து பூமியைக் கழுவுகிறது. யோவான் 6:1இல் திபேரியாக்கடல் என்ற பெயரில் கிறிஸ்தவ வாசகர்கள் அறிந்திருக்கும் நீர்நிலைதான் அந்தத் தபரிய்யா ஏரி. இதே செய்தியின் திர்மிதி, இப்னு மாஜா அறிவிப்புகளில் ஒரு கூடுதல் விவரம் இருக்கிறது: அவர்களுடைய வில்களையும் அம்புகளையும் அம்பறாத்தூணிகளையும் முஸ்லிம்கள் ஏழு ஆண்டுகள் எரிபொருளாகப் பயன்படுத்துவார்கள். எசேக்கியேல் 39:9க்கு எதிரே இதை எழுதுங்கள். ஏழு ஆண்டு விறகும், பிணத்தால் தீட்டான மண் சுத்தமாவதும் இரு மரபுகளிலும் அருகருகே நிற்பதைப் பார்க்கும்போது, மூன்று நூல்களையும் பரப்பி வைத்து உட்கார்ந்த உழைப்புக்குப் பலன் கிடைத்துவிடும்.

நாள்தோறும் அவர்கள் சுவரைத் தோண்டுகிறார்கள், மாலையில் நாளை வந்து முடிப்போம் என்று போகிறார்கள், மறுநாள் அது முன்போலாகிவிடுகிறது, ஒருநாள் ‘இன்ஷா அல்லாஹ்’ (இறைவன் நாடினால்) என்று சொல்லிவிட்டுப் போவதால் மறுநாள் துளை அப்படியே இருக்கிறது என்ற செய்தி நம் ஊர்களில் மிகவும் பெயர்பெற்றது. இதுவும் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் உண்டு. ஆனால் இது நபியின் கூற்றுதானா என்று பதினான்காம் நூற்றாண்டு உரையாசிரியர் இப்னு கதீர் ஐயம் எழுப்பியிருக்கிறார். சுவரைத் துளையிட முடியவில்லை என்ற குர்ஆன் வசனத்தோடு இது எவ்வாறு பொருந்தும் என்பது அவருடைய கேள்வி. சொல்லும்போது இந்த ஐயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரம் பற்றிய விவரத்துக்கு ஊரிலுள்ள ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கதைகள் சேர்ந்த வரலாற்றை ஒரே பக்கத்தில் சுருக்கிக்கொள்ளலாம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், மாகோகின் வழிவந்தவர்களைக் கிரேக்கர் சிதியர் என்று அழைப்பதாக எழுதினார். ஒரு கணவாயை அலெக்சாண்டர் இரும்புக் கதவுகளால் அடைத்ததாக வேறோரிடத்தில் அவரே குறிப்பிட்டார். இவ்விரண்டும் ஒன்றாகி, கோகையும் மாகோகையும் அலெக்சாண்டர் கதவுக்குப் பின்னே பூட்டினார் என்ற முழுக்கதையாக ஏழாம் நூற்றாண்டுச் சிரியாக் கிறிஸ்தவ நூல்களில் நிற்கிறது. அந்த நூல்களுக்கும் கஹ்ஃபு சூராவுக்கும் உள்ள உறவு பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு சுவரைத் தேடிப் போவோர் வந்தார்கள். அப்பாசியக் கலீபா அல்வாஸிக் (842–847), சுவர் திறந்துவிட்டதாகக் கனவு கண்டு சல்லாம் என்ற மொழிபெயர்ப்பாளரை அனுப்பினார். அவர் காக்கசஸ் வழியாகப் போய்த் திரும்பி, அந்தச் சுவரைக் கண்டதாகவே அறிக்கை தந்தார். மதுரைச் சுல்தான்களின் காலத்தில் நம் கடற்கரைப் பக்கம் வந்துபோன இப்னு பதூதா, சீனத்தில் அந்தச் சுவரைப் பற்றி விசாரித்து, அறுபது நாள் பயணத் தொலைவில் உள்ளது என்று கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். காஸ்பியன் கடலோரத்து தெர்பெந்த் நகரின் மதில்தான் அது என்று காட்டும் காணொளிகள் இப்போது சுற்றுகின்றன. தெர்பெந்த் மதில் உண்மையானது, யுனெஸ்கோ பட்டியலிலும் உள்ளது. ஆனால் அது சாசானியப் பாரசீகர் கட்டிய கல் மதில். இரும்பும் செம்பும் பற்றிய வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தால் பொருத்தமில்லாமை தானாகவே தெரிந்துவிடும். சீனப் பெருஞ்சுவருக்கும் இதே விடைதான்.

வகுப்பில் கட்டாயம் எழும் கேள்வி, இன்று அவர்கள் யார் என்பது. இதற்குப் பதிலாக, இதுவரை யார் யாரைச் சொன்னார்கள் என்ற பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ், உரோமை அப்போது கலக்கிய கோத்தியரே கோகு என்றார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனோ, எந்த ஒரு காட்டுமிராண்டி இனத்தையும் இது குறிக்கவில்லை, பூமியெங்கும் உள்ள பகைமையையே குறிக்கிறது என்று எழுதினார். அதன்பின் ஹூணர், துருக்கியர், மங்கோலியர் என்று அந்தந்த நூற்றாண்டின் அச்சத்துக்கேற்ப முகங்கள் மாறின. லூதர் 1530இல் எசேக்கியேலின் இந்த அதிகாரங்களை மொழிபெயர்த்தபோது துருக்கியரையே கோகாகக் கண்டார். பனிப்போர்க் காலத்துப் பிரசங்கிகள் ரஷ்யாவைக் கண்டார்கள். முஸ்லிம் எழுத்தாளர்களிலும் துருக்கியர் என்றும் மங்கோலியர் என்றும் சொன்னவர்கள் உண்டு. அந்தத் துருக்கியரும் மங்கோலியரில் ஒரு பெரும்பகுதியும் பின்னர் முஸ்லிம்களாகவே ஆனார்கள். இந்தப் பட்டியலைக் கேட்ட பிறகும் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்று ஒருவர் நின்றால், எந்த வசனத்தின் ‘உள்ளது’ பக்கத்தில் அந்த நாடு இருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். எசேக்கியேலின் பட்டியலில் பெர்சியர் இருப்பதைக் கொண்டு இன்றைய ஈரானையும், அங்கிருந்து தாவி அடுத்த தெரு முஸ்லிமையும் சுட்டுகிற பேச்சைக் கூட்டத்தில் அனுமதிக்கவே கூடாது. எசேக்கியேல் பேசிய காலத்தில் இஸ்லாம் தோன்றவே இல்லை. அவருடைய மக்களைச் சிறையிலிருந்து திரும்பிப் போகவிட்ட கோரேசும் பெர்சியர்தாம்.

இரு சமயத்தாரும் கலந்திருக்கும் கூட்டமானால், தலைமாற்றி வாசிக்கச் சொல்வது நல்ல பலன் தரும்: எசேக்கியேல் 39ஐ ஒரு முஸ்லிம் மாணவரும், கஹ்ஃபின் தமிழாக்கத்தை ஒரு கிறிஸ்தவ மாணவரும் வாசிக்கட்டும். பழக்கத்தால் நாம் தாண்டிப்போகும் இடங்களில் புதியவர் நின்றுவிடுவார். கேள்விகள் அங்கேதான் பிறக்கும். சபைப் போதகரான ஐயரையோ பள்ளிவாசல் ஹஜ்ரத்தையோ அழைப்பதானால், வாசிப்பு முடிந்த பிறகு அடுத்த அமர்வுக்கு அழையுங்கள். முதலிலேயே அழைத்தால் மாணவர்கள் நோட்டை மூடிவிட்டுப் பிரசங்கம் கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அமலேக்கியரையும் ஆது, ஸமூது கூட்டத்தாரையும் இதே நோட்டில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், ஆனால் தனித்தனிப் பக்கங்களில். அமலேக்கியர் யாத்திராகமம் 17இலும் உபாகமம் 25இலும் வருகிற, வனாந்தரத்தில் பின்தங்கிய பலவீனரைத் தாக்கிய பழைய பகைவர். ஆதும் ஸமூதும் தங்கள் நபிமார்களை மறுத்து ஏற்கெனவே அழிந்துபோனவர்களாகக் குர்ஆன் சொல்லும் சமுதாயங்கள். கோகும் மாகோகும் மட்டுமே இனி வரவேண்டியவர்களாக மூன்று மரபுகளிலும் நிற்கிறார்கள். ஆகவே அமலேக்கியருக்கான பக்கத்தில் ‘இல்லை’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகக் ‘கடைசிக்காலம்’ என்று எழுதித் தொடங்கலாம்.